பேட்டரி அளவை மட்டும் காட்டும்

2025 பிப்ரவரி 28, அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரப்படி மதியம் 12 மணிக்கு ஹியூமேன் நிறுவனத்தின் 'ஏஐ பின்' செத்துப்போனது. பத்து நாள் முன்னால்தான் அறிவித்தார்கள். நிறுவனத்தின் மென்பொருளையும் காப்புரிமைகளையும் ஹெச்பி 11 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. பின் வாங்கியவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பொருளை மறந்தவர்களுக்காக: சட்டை மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சதுரம். திரை கிடையாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லும். உள்ளங்கையை நீட்டினால் லேசர் வெளிச்சத்தில் எழுத்து காட்டும். ஆப்பிளில் இருந்து வெளியே வந்தவர்கள் செய்தது. 20 கோடி டாலருக்கு மேல் முதலீடு. விலை 699 டாலர், அதுபோக மாதம் 24 டாலர் சந்தா. சந்தா கட்டாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது.

மூடும்போது நிறுவனம் ஒரு கேள்வி-பதில் பக்கம் போட்டது. நவம்பர் 15-க்குப் பிறகு அனுப்பப்பட்டவற்றுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைக்கும், அதற்கு முன் வாங்கியவர்களுக்குக் கிடையாது. சரி, இனி இந்தப் பொருளை வைத்து என்ன செய்யலாம்? இணையம் தேவைப்படாத வசதிகள் தொடர்ந்து வேலை செய்யும் என்று பதில் இருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த உதாரணம், பேட்டரி அளவைப் பார்ப்பது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மீம் போட்டார்கள். பொருள் ஏற்கெனவே மோசம் என்று பேர் வாங்கியிருந்தது. சூடாகும், தாமதிக்கும், தப்பாகப் பதில் சொல்லும். மோசமான பொருள் சந்தையில் தோற்றது, சந்தை தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதானே என்று நம்ம டெக் யூட்யூபர்கள் முடித்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்த முடிவில் சம்மதமில்லை. தோற்கும் பொருள் கடையில் இருந்து போகலாம். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர் சட்டையில் இருக்கும் பொருள் ஏன் சாக வேண்டும்? கம்பெனி நொடித்தால் மிக்ஸி நின்றுபோகுமா? செருப்புக் கம்பெனி மூடினால் காலில் இருக்கும் செருப்பு அறுந்துவிடுமா? 'புதுமை' என்று நமக்கு விற்கப்படுவதில் எனக்குத் தெரிந்து உண்மையிலேயே புதிய விஷயம் இந்த ஒன்றுதான். முழு விலையையும் கொடுத்து வாங்கிய பொருள் கடைசி வரை விற்றவனிடமே இருக்கிறது. நாம் அதைச் சுமக்கிறோம், சார்ஜ் போடுகிறோம், துடைத்து வைக்கிறோம்.

மோசமான பொருளுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைப்பவர்கள் 2016-ம் ஆண்டைக் கொஞ்சம் பார்க்கலாம். அந்த வருஷம் மே மாதம் ரிவால்வ் என்ற கருவி அணைக்கப்பட்டது. வீட்டு விளக்கு, பூட்டு, சென்சார் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் 300 டாலர் பெட்டி அது. 'ஆயுள் சந்தா' சேர்த்து விற்றார்கள். யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்கவில்லை. கூகுளின் நெஸ்ட் 2014-ல் அந்த நிறுவனத்தை வாங்கியது, ஒன்றரை வருஷத்தில் சர்வரை நிறுத்தியது. சுவரில் மாட்டியிருந்த பெட்டிகள் எல்லாம் வெறும் பிளாஸ்டிக் ஆயின.

அதே வருஷம் டிசம்பரில் பெபிள் போனது. பெபிள் மோசமான பொருள் இல்லை. ஸ்மார்ட் வாட்ச் என்ற சொல்லுக்கு ஓரளவாவது அர்த்தம் கொடுத்தது அதுதான். 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு லட்சம் டாலர் கேட்டார்கள், கிட்டத்தட்ட 69,000 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளை மின்தாள் திரை, வெயிலில் தெளிவாகத் தெரியும். ஒரு சார்ஜில் ஏறக்குறைய ஒரு வாரம் ஓடும். யார் வேண்டுமானாலும் அதற்கு ஆப் எழுதலாம். என் கல்லூரி விடுதியில் ஒருத்தன் கைக்குத்தான் அது வந்தது, நாங்கள் எல்லோரும் அந்த மணிக்கட்டைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்போம். அவ்வளவு பேர் நேசித்த பொருளையும் ஃபிட்பிட் வாங்கியது, உற்பத்தி நின்றது. பிறகு ஃபிட்பிட்டையே கூகுள் வாங்கியது தனிக்கதை.

அந்த 2016-லேயே இன்னொரு சாவும் உண்டு. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. நாட்டுக்கே நேரம் காட்டிய கம்பெனி. ஆனால் அது மூடப்பட்ட அன்று ஒரு எச்.எம்.டி. ஜனதா கூட நிற்கவில்லை. இன்றைக்கும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் கடைக்காரரிடம் ஜனதாவைக் கொடுத்துப் பாருங்கள். திறந்து, ஊதி, எண்ணெய் விட்டு, ஓடவைத்துக் கொடுப்பார். பெங்களூரில் இருந்து அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இது பழசைக் கொண்டாடும் கட்டுரை என்று நினைத்துவிட வேண்டாம். இலக்கியக்காரர்கள் கருவிகளைப் பற்றி எழுதினால் எப்போதும் ஒரே பாட்டுதான்: திரை வந்தது, வாசிப்பு போனது, திண்ணை போனது, மனிதம் போனது. எனக்கு அதில் துளியும் ஆர்வம் இல்லை. நான் சம்பளம் வாங்குவதே இந்தக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதித்தான். எனக்குக் கருவிகள் பிடிக்கும். பிடிப்பதால்தான் கோபம் வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் வரும். கையில் கட்டும் பேண்டைத் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் வெளிச்சமும் குறைந்து கூடும். பக்கத்திலேயே இருக்கும் ஒளி உணரி அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. அதுதான் உங்கள் நாடித்துடிப்பு. நடைக்கணக்குக்கு முடுக்கமானி, ஒரு அரிசி மணி அளவுச் சில்லு. கணக்கு முழுவதும் பேண்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அதைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் ப்ளூடூத் வழியே ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் போனுக்கு அனுப்பினால் போதும். இந்தப் பாதையில் எங்கேயும் வெளிநாட்டு சர்வருக்கு வேலையே இல்லை.

ஆனால் புது பேண்டை வாங்கிப் பெட்டியைப் பிரித்ததும் என்ன நடக்கும்? ஆப்பை இறக்கச் சொல்லும். ஆப் மொபைல் எண் கேட்கும், ஓடிபி கேட்கும், பிறந்த தேதி, எடை, உயரம் கேட்கும். சர்வர் ஒரு டோக்கன் கொடுத்தால்தான் பேண்ட் போனோடு பேசும். மணி காட்டுவதற்கே இத்தனை சடங்கு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இப்படிப்பட்ட ஒரு பேண்டுக்கான ஆப்பின் டிசைன் ரிவ்யூ நடந்தது. ஃபர்ம்வேர் டீமில் இருந்த பெண் கேட்டார், "லாகின் இல்லாமலே எல்லாம் ஓடுதே, அதை ஏன் முதல் ஸ்கிரீன்ல வைக்கிறோம்? வேணும்னா பேக்கப் எடுக்கும்போது கேட்கலாமே?" பிராடக்ட் மேனேஜர் நேர்மையான மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. "கரெக்ட்தான்மா. ஆனா லாகின் இல்லைன்னா நம்மகிட்ட எத்தனை யூசர் இருக்காங்கன்னு இன்வெஸ்டர்கிட்ட எதைக் காட்டுறது?" அறையில் யாரும் பேசவில்லை. அடுத்த ஸ்லைடுக்குப் போனோம்.

சர்வர் எங்கே இருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. தொழில்நுட்பம் அதைக் கேட்கவில்லை. விற்ற பிறகும் வாங்கியவன் மேல் ஒரு பிடி வேண்டும், அதுதான் விஷயம். அந்தப் பிடி எண்ணிக்கையாக இருக்கலாம், விளம்பரமாக இருக்கலாம், பின்னாளில் சந்தாவாகவும் மாறலாம். ஔரா மோதிரம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். முதல் இரண்டு தலைமுறை மோதிரங்களுக்குச் சந்தா கிடையாது. 2021-ல் வந்த மூன்றாவது தலைமுறைக்கு மாதம் 5.99 டாலர். சந்தா கட்டாவிட்டால் சில மதிப்பெண்களை மட்டும் காட்டும், அதற்குப் பின்னால் உள்ள விவரங்கள் பூட்டியே இருக்கும். உங்கள் விரல், உங்கள் ரத்தம், உங்கள் தூக்கம். உங்கள் தூக்கத்தை உங்களுக்கே வாடகைக்கு விடுகிறார்கள்.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்று சொல்லிவிட முடியாது. ஐடிசி கணக்குப்படி 2023-ல் இந்தியச் சந்தைக்கு வந்த வேரபிள்கள் 13 கோடிக்கு மேல். அடுத்த வருஷம் முதன்முறையாக எண்ணிக்கை குறைந்தது, அப்போதும் 11 கோடியே 90 லட்சம். பெரும்பகுதி காதில் மாட்டுவது, மீதி கையில் கட்டுவது. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள்கள். பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கி, அடுத்த பண்டிகைக்குள் மேசை டிராயருக்குப் போகிறவை.

அப்படி ஒன்றை விருதுநகரில் இருக்கும் என் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். அம்மாவுக்குப் பிடித்துப்போனது, சாயங்காலம் நடந்துவிட்டு வந்து எத்தனை அடி என்று போனில் சொல்வார். இரண்டாவது வருஷம் அம்மாவின் போனை மாற்றினோம். புதுப் போனில் அந்த ஆப்பைத் தேடினால் இல்லை. கடையில் இருந்தே எடுத்துவிட்டார்கள். ஒருநாள் சார்ஜ் முழுசாக இறங்கி வாட்ச் அணைந்தது. மறுபடி சார்ஜ் போட்டதும் ஜனவரி 1, மணி பூஜ்ஜியம் என்று எழுந்தது. நேரத்தை மாற்ற அதில் பொத்தான் கிடையாது. ஆப் மூலமாகத்தான் நேரம் வைக்க முடியும்.

"ஏம்ப்பா, மணிகூடத் தப்பாக் காட்டுது. இதுக்கு என் பழைய டைட்டனே தேவலை" என்றார் அம்மா.

அடுத்த முறை சென்னை வரும்போது அதை எடுத்துவந்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குத் தெரிந்த கடையில் கொடுத்தேன். அவர் போர்டு வரைக்கும் பிரித்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "வாட்ச் நல்லாத்தான் சார் இருக்கு. பேட்டரியும் நல்லா இருக்கு. கம்பெனிதான் செத்துப்போச்சு" என்றார்.

அவருக்குச் சாலிடரிங் தெரியும், ஒட்டிய கண்ணாடியைச் சூடுகாட்டி எடுக்கத் தெரியும், ஐசி மாற்றத் தெரியும். அந்த வாட்சில் அவர் கை எட்டாத ஒரே ஒரு பூட்டு இருந்தது. இப்படிப்பட்ட பல கருவிகளில் ஓடும் ஃபர்ம்வேர், நிறுவனத்தின் மறைகுறி சாவியால் கையெழுத்திடப்பட்டிருக்கும். அந்தக் கையெழுத்து இல்லாத எதையும் சில்லு ஓடவிடாது. இதற்கு நியாயமான காரணம் உண்டு, வேறு யாரும் உள்ளே நஞ்சைச் செலுத்தக் கூடாது என்பதுதான். ஆனால் சாவி ஒன்றே ஒன்று, அது கம்பெனியிடம் மட்டும். கம்பெனி மூடும்போது சாவியும் அதோடு புதைகிறது. வீடு விற்றவன் சாவியைக் கொடுக்காமல் செத்துப்போனால் நம்ம ஊரில் பூட்டை உடைத்து உள்ளே போவோம். இங்கே பூட்டை உடைக்க பிரபஞ்சத்தின் வயது போதாது, கணிதம் அப்படி.

கையில் இருப்பது நம்முடையது இல்லை என்பதை நம்மைவிட முன்னால், நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் ரிவ்யூ வீடியோ பார்த்தவர்கள் இல்லை. சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜிபிஎஸ் வாட்ச் கட்டிவிட்டன. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். எத்தனை மணிக்கு வந்தார், எந்தத் தெருவில் நிற்கிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பது கட்டுப்பாட்டு அறையில் புள்ளியாகத் தெரியும். வாட்ச் அணைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பயம். கழிப்பறைக்குப் போகும்போதும் யாரோ பார்க்கிறார்களோ, ஒட்டுக்கேட்கிறார்களோ என்ற கூச்சம், பெண்களுக்குக் கூடுதலாக. கையுறையும் ஒழுங்கான உபகரணமும் கேட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஆட்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது கண்காணிப்புக் கருவி. சண்டிகரில் 2020-ல் அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

அந்த வாட்சும் நாம் தள்ளுபடியில் வாங்கும் வாட்சும் ஒரே குடும்பம்தான். அதே வகைச் சில்லு, அதே ஜிபிஎஸ், அதே சர்வர். வாட்ச் கட்டிக்கொண்டவர் வேறு, வாட்சுக்கு முதலாளி வேறு என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர்களிடம் யாரும் அதைப் 'புதுமை' என்று விற்கவில்லை. உத்தரவாக வந்தது. நமக்கு அது பரிசுப்பெட்டியில் வந்ததால் காசு கொடுத்துக் கட்டிக்கொள்கிறோம். வித்தியாசம் இல்லாமல் இல்லை, நாம் கழற்றி வைக்கலாம், அவர்களால் முடியாது. ஆனால் கழற்றும் உரிமையைத் தவிர வேறு என்ன உரிமை நமக்கு அதன் மேல் இருக்கிறது?

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அதை மதிக்கிறேன். இந்தக் கருவிகள் உயிர் காக்கின்றன. இதயத்துடிப்பு சீரில்லை என்று வாட்ச் சொல்லித்தான் பலர் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். மருத்துவக் கருவியில் கண்டவர்களும் கைவைத்தால் ஆபத்து. ஆகவே கட்டுப்பாடு கம்பெனியிடம் இருப்பதே நல்லது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்குச் சர்க்கரை நோயாளிகள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள்.

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளின் உடலில் தொடர்ந்து குளுக்கோஸ் அளக்கும் உணரியை ஒட்டுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு வரும். ஆனால் 2013-ல் அந்த அளவு குழந்தையின் இடுப்பில் இருந்த ரிசீவரில் மட்டும்தான் தெரியும். குழந்தை பள்ளியில் இருக்கும், பெற்றோர் அலுவலகத்தில். நியூயார்க் மாநிலத்தில் மென்பொருள் எழுதத் தெரிந்த ஒரு அப்பா கம்பெனியிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்காமல், ரிசீவரில் இருந்து எண்களை உறிஞ்சி இணையத்தில் ஏற்றும் நிரலை எழுதினார். அது நைட்ஸ்கவுட் என்ற திறந்த மென்பொருளாக வளர்ந்தது. 'நாங்கள் காத்திருக்க மாட்டோம்' என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். அடுத்து இன்சுலின் பம்பையும் உணரியையும் தாங்களே இணைத்துத் தானியங்கிச் சுற்று அமைத்தார்கள். அதற்குப் பொருத்தமான பம்ப் எது தெரியுமா? மெட்ரானிக்கின் பழைய மாடல். அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது, வெளியே இருந்து கட்டளை அனுப்பலாம். புது மாடல்களில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆகவே உலகெங்கும் ஆட்கள் ஓட்டையுள்ள பழைய பம்பைத் தேடித் தேடி வாங்கினார்கள். அது விளையாட்டில்லை, அந்த ஓட்டையைப் பற்றி அமெரிக்க எஃப்.டி.ஏ. 2019-ல் எச்சரிக்கையே விட்டது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். தன் உடலில் மாட்டியிருக்கும் கருவி தன் பேச்சைக் கேட்க வேண்டுமானால், அது பழுதானதாக இருந்தால்தான் முடியும் என்ற நிலைக்கு ஒருவரைத் தள்ளியது யார்? பூட்டிய கருவிக்கும் ஓட்டைக் கருவிக்கும் நடுவில், சாவி உரிமையாளரிடம் இருக்கும் கருவி என்று ஒன்றைச் செய்ய எந்தப் பொறியியல் விதி தடுத்தது?

கம்பெனியிடம் கட்டுப்பாடு இருந்தால் பாதுகாப்பு என்பவர்கள் ஆர்கஸ் 2 பற்றிப் படிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்த செயற்கை விழித்திரை. பரம்பரை நோயால் பார்வை முற்றிலும் போனவர்களின் கண்ணுக்குள் 60 மின்முனைகள் கொண்ட தகட்டைப் பொருத்துவார்கள். கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு கணினிப் பெட்டி. கேமரா பார்ப்பதைப் பெட்டி புள்ளிகளாக மாற்றிக் கம்பியில்லாமல் கண்ணுக்குள் அனுப்பும். தெரிவது வெளிச்சப் பொட்டுகள் மட்டும். ஆனால் கதவின் விளிம்பு தெரியும், சாலையில் வெள்ளைக்கோடு தெரியும். ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2013-லும் அனுமதி கிடைத்தது. விலை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர். உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டவர்கள் அறுவைசிகிச்சை செய்துகொண்டார்கள்.

2019-ல் அந்த மாடலை நிறுத்தினார்கள். 2020 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் கருவியோடு இருந்தவர்களுக்கு முறையாகச் சொல்லக்கூட இல்லை. 2022-ல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ் விரிவாக எழுதிய பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. இடுப்புப் பெட்டி உடைந்தவர்கள் உதிரிபாகத்துக்காக ஒருவரையொருவர் கேட்டு அலைந்திருக்கிறார்கள். ஒருவருக்கு மூளையில் எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருக்கும் கருவியோடு எடுக்கலாமா என்று மருத்துவர்களுக்குச் சொல்ல நிறுவனத்தில் ஆள் அகப்படவில்லை.

வாட்சைக் கழற்றி டிராயரில் போடலாம். இதை எங்கே போடுவது?

பொறியாளர்களின் வழக்கமான சமாதானம் ஒன்று உண்டு: ஸ்டார்ட்அப் என்றால் பத்தில் ஒன்பது தோற்கும், செத்த கம்பெனியிடம் போய் என்ன கேட்பது? செத்த பிறகு கேட்க முடியாது என்பது சரி, சாகும்போது செய்துவிட்டுப் போகலாம் என்று பெபிள்காரர்கள் காட்டினார்கள். கம்பெனி கைமாறிய பிறகு, 2017 ஏப்ரலில், பெபிள் ஆப்புக்கு ஒரு அப்டேட் வந்தது. அதில் புது வசதி எதுவும் இல்லை. சர்வர் போனாலும் வாட்சின் அடிப்படை வேலைகள் நிற்காமல் இருக்க, சர்வர் மீதான சார்பை அவிழ்த்துவிடும் அப்டேட் அது. 2018 ஜூன் 30-ல் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. ரசிகர்கள் ரெபிள் என்ற பெயரில் தாங்களே சர்வர் எழுதி வானிலையும் ஆப் கடையும் ஓடவைத்தார்கள். 2025 ஜனவரியில் கூகுள் பெபிளின் இயங்குதள நிரலைத் திறந்துவிட்டது. பெபிளை உருவாக்கிய எரிக் மிஜிகோவ்ஸ்கி அதை வைத்து மறுபடி வாட்ச் செய்யக் கிளம்பிவிட்டார். கம்பெனி செத்து எட்டு வருஷம் கழித்து! எந்த முதலீட்டாளருக்கும் அந்தக் கடைசி அப்டேட்டால் ஒரு டாலர் லாபம் இல்லை. மூடப்போகும் கடையில் உட்கார்ந்து அதை எழுதியவர்கள்தான் எங்கள் தொழிலில் நான் கும்பிடும் ஆட்கள்.

ஆனால் நல்ல மனசை நம்பிக் கோடிக்கணக்கான கருவிகளை விட முடியாது, சட்டம் வேண்டும். கேட்பது ஒன்றும் பெரிதில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் தயாரித்த மாதமும் அதிகபட்ச விலையும் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. வாட்ச் பெட்டியிலும் ஒரு வரி சேர்க்கட்டும்: இந்தச் சாதனத்துக்கான சர்வர் இந்தத் தேதி வரை ஓடும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் நுகர்பொருள் விற்பவர்கள் பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை வரும் என்று சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும், விலக்குகள் கொஞ்சம் உண்டு. நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. அதில் கம்பெனிகள் தாமாக வந்து சர்வீஸ் சென்டர் முகவரியும் கையேடும் போடலாம். இணையதளம் உரிமை ஆகாது. ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரருக்குச் சர்வீஸ் சென்டர் முகவரி எதற்கு? அவர்தான் சர்வீஸ் சென்டர். அவருக்குத் தேவை சாவி. கடையை மூடும் கம்பெனி பூட்டைத் திறந்துவிட்டுத்தான் மூட வேண்டும் என்ற ஒற்றை விதி. சாவியை விற்பனை தொடங்கும்போதே மூன்றாம் ஆளிடம் ஒப்படைத்து வைக்கலாம். மென்பொருள் ஒப்பந்தங்களில் நிரலை இப்படி வைப்பது எங்களுக்குப் பழக்கமான ஏற்பாடுதான். பெரிய வாடிக்கையாளர் கேட்டால் மறுபேச்சில்லாமல் செய்து கொடுப்போம். இரண்டாயிரம் ரூபாய் வாடிக்கையாளருக்காக இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நம்ம ரிவ்யூ யூட்யூபர்கள் ஒரு சோதனை செய்யலாம், பெரிய செலவில்லை. புது வாட்சோ மோதிரமோ வந்ததும் ஆப்பை இறக்கிக்கொண்டு, போனில் இணையத்தை அணைத்துவிட்டு, ப்ளூடூத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரியுங்கள். என்னென்ன வேலை செய்கிறது என்று கேமரா முன்னால் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மணி சரியாக வைக்க முடிகிறதா? நடை எண்ணுகிறதா? நேற்றைய தூக்கத்தைப் பார்க்க முடிகிறதா? ஐந்து நிமிட வீடியோதான். ஸ்ட்ராப் நிறம் பற்றி ஏழு நிமிடம் பேசுகிறவர்களுக்கு இது கஷ்டமில்லை. தமிழில் அப்படி ஒரு வீடியோ என் கண்ணில் இன்னும் படவில்லை.